இந்தப் புகை யார் கணக்கில்?

மில்லில் ஓடும் நூலுக்குக் கணக்கு உண்டு. களத்தில் அளக்கும் நெல்லுக்கும் கணக்கு உண்டு. ஒரு கம்பெனியால் வானில் எவ்வளவு கரியமில வாயு கலக்கிறது என்பதற்கும் இன்று கணக்கு எழுதுகிறார்கள். எழுதுவது யார்? பெரும்பாலும் அந்தக் கம்பெனியே!

2001-இல் வகுத்த முறைப்படி இக்கணக்கில் மூன்று இனங்கள். கம்பெனியின் சொந்த உலைகளும் வண்டிகளும் விடுவது முதல் இனம். விலைக்கு வாங்கும் மின்சாரத்தால் வருவது இரண்டாவது. விற்ற சரக்கை வாங்கியவர்கள் எரிப்பதால் வருவது போன்றவை மூன்றாவது. முதல் இரண்டும் கட்டாயம். மூன்றாவது அவரவர் இஷ்டம்!

ஷெல் எண்ணெய்க் கம்பெனியைப் பாருங்கள். அதன் கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் மூன்றாவது இனமே. அதைத் தள்ளிவிட்டுப் பார்ப்பது, சாராயக் கடைக்காரன் தான் குடித்ததை மட்டும் கணக்குக் காட்டுவது போன்றது.

மூன்று இனங்களையும் சேர்த்து, 2019-ஐவிட 45 சதவிகிதம் 2030-க்குள் குறைக்க வேண்டும் என ஹேக் நீதிமன்றம் 2021-இல் ஷெல்லுக்கு உத்தரவிட்டது. கம்பெனி அப்பீல் செய்தது. குறைக்கும் கடமை உண்டு, ஆனால் இத்தனை சதவிகிதம் என்று நிர்ணயிக்க முடியாது என்று கூறி, 2024-இல் மேல் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்துச் செய்தது.

அதே 2021-இல் ஷெல் தன் அமெரிக்க பெர்மியன் எண்ணெய் வயல்களை 950 கோடி டாலருக்கு விற்றது. விற்றவனின் ஏட்டில் புகை குறையும், வானத்தில் குறையுமா?

வெயில் ஏறினால் முதலில் வாடுபவர் யார்? நடவு வயலில் குனிந்து நிற்பவர், தறியடியில் வேகுபவர்! ஆகவே மூன்று இனங்களும் கட்டாயமாக வேண்டும்; வெளியார் தணிக்கையும் வேண்டும். லாபத்தை வாங்குபவன் புகைக்கும் பொறுப்பேற்கட்டும்!