கொய்யாவுக்கு மருந்தடிக்கப் போறாங்களாம்!

மக்களே, இந்தப் பதிவு கொஞ்சம் காட்டமாத்தான் இருக்கும்.

போன ஞாயித்துக்கிழமை எங்க லேஅவுட் சங்கக் கூட்டம். ஒரகடம் பக்கம், வயலை பிளாட் போட்ட இடம். மிச்சம் நிக்கிறது நாலு கொய்யா, ரெண்டு மா. பழத்தைப் பிட்டா புழு நெளியுதுன்னு ஆளாளுக்குப் புகார். தீர்மானம்: மாசம் ரெண்டு தடவை பூச்சிமருந்து. எதிர்த்தது நான் ஒருத்தன்தான். "தம்பி, கம்ப்யூட்டர் வேலையைப் பாருங்க"ன்னு ஒரு பெரியவர் சிரிச்சாரு.

சரி சார், கம்ப்யூட்டர்காரனாவே கேக்குறேன். பக் ஒரு இடத்துல இருக்க, பேட்ச் வேற இடத்துல போட்டா எப்படி?

பழ ஈ தோலுக்கடியில் முட்டை வைக்கும். புழு சதைக்குள்ளேயே வளர்ந்து, கடைசியில மண்ணுக்குள்ள போய் கூட்டுப்புழுவாகும். மேல தெளிக்கிற மருந்து உள்ள இருக்கிற புழுவை எட்டுறது கஷ்டம். சுலபமா எட்டுறது பழத்து மேல மோப்பம் பிடிச்சு நடக்கிற எறும்பு சைஸ் குளவியை. ஃபோபியஸ் அரிசானஸ்னு ஒண்ணு, ஈயோட முட்டைக்குள்ள தன் முட்டையை வைக்கும். ஈப்புழு பாட்டுக்கு வளரும், கூடு கட்டும். ஆனா கூட்டை உடைச்சிட்டு வர்றது குளவி!

2003-ல கென்யாவுல ஒரு புது பழ ஈயைக் கண்டுபிடிச்சாங்க. பாக்ட்ரோசெரா டார்சாலிஸ், நம்ம ஆசிய மாமரத்து ஈதான். மாவோட நிக்காம சவானாவுல தானா வளர்ற மருலா பழத்துக்குள்ளயும் புகுந்துச்சு. உள்ளூர்க் குளவி அதுக்குள்ள முட்டை வச்சா, ஈப்புழுவோட உடம்பே அந்த முட்டையைச் சுத்தி அடைச்சுக் கொன்னுடும். அதனால நைரோபியில இருக்கிற இசிபே ஆய்வு மையம் 2006-ல ஹவாய்லேர்ந்து அரிசானஸைக் கொண்டுவந்துச்சு. ஹவாய்க்கு அது போனதே 1940-கள்ல ஆசியாவிலேர்ந்து. கடல் தாண்டிக் கூட்டிட்டுப் போறாங்க சார், நாம மருந்தடிச்சு விரட்டுறோம்.

"அதெல்லாம் ஆப்பிரிக்கா கதை"ன்னு சொல்லுவீங்க. 2008-ல கோவையில பப்பாளி மாவுப்பூச்சி வந்தது ஞாபகம் இருக்கா? பப்பாளி, மரவள்ளி, மல்பெரின்னு எல்லாத்தையும் மொய்ச்சுது. அடிச்ச மருந்து மேலிருந்த மெழுகுல வழுக்கிட்டுப் போச்சு. 2010-ல பெங்களூரு மத்திய ஆய்வு நிறுவனம் போர்ட்டோ ரிக்கோவுலேர்ந்து குளவி வரவழைச்சு விட்ட பிறகுதான் அடங்குச்சு.

குளவி இருந்தா ஒரு புழுகூட இருக்காதுன்னு நான் சொல்லல. மே மாசம் விழுந்த கொய்யாவை மணல் போட்ட டப்பாவுல வச்சு, வாயில துணி கட்டினேன். மூணு வாரத்துல ஏகப்பட்ட ஈ, நாலே நாலு குளவி. என்ன இனம்னு சொல்ல என் பி.இ. பத்தாது :) ஆனா அந்த நாலும் நம்ம லேஅவுட்ல பொறந்தது.

ஹவாய்ல விழுந்த பழத்தையெல்லாம் பொறுக்கி ஒரு வலைக்கூடாரத்துல போடுறாங்க. அதுல இருக்கிற சின்னக் கண் வழியா குளவி வெளிய போயிடும், ஈ உள்ளயே சாகும். நம்ம இடத்துல விழுந்த பழம் அப்படியே அழுகிக் கிடக்கு. அதைப் பொறுக்கச் சொன்னா ஒருத்தரும் வரல.

இன்னொண்ணு. பக்கத்து ஷெட்ல தங்கியிருக்கிற கம்பெனித் தொழிலாளிகளோட பசங்க சுவரேறி வந்து தின்னுறதும் இதே கொய்யாதான். மருந்தடிச்ச அன்னைக்கு அவங்ககிட்ட யார் சொல்லப் போறா? கூட்டத்துல கேட்டேன், பதில் இல்லை.

வலைத்துணி வாங்கியாச்சு. மருந்துக்காரர் புதன்கிழமை வர்றாராம்.