வாரண்டி கையைத்தான் கட்டும், காதை இல்லை



இந்தக் கிழமை எபிசோட்டில் ரிப்பேர் உரிமை பற்றிக் கதைச்சோம். ஃபோன், லேப்டொப் என்று சொல்லிக்கொண்டே ஒரு மணித்தியாலம் போய்விட்டது. ட்ராக்டருக்கு வர நேரமே கிடைக்கவில்லை. "ட்ராக்டரா, அதுக்கும் எங்களுக்கும் என்ன?" என்று கேட்கிற ஆட்கள் கொஞ்சம் பொறுங்கோ. டொரோண்டோவைத் தாண்டி இரண்டு மூன்று ஏக்கர் வாங்கி, கத்தரி, பயித்தை, வெண்டி போடுகிற எங்கட ஆட்கள் உங்கட சொந்தத்திலும் ஒருவராவது இருப்பினம். அவர்களிடம் இருப்பது பெரும்பாலும் கொம்பெக்ட் ட்ராக்டர்: 20 முதல் 50 குதிரைவலு, கோடையில் உழவு, மாரியில் பனி தள்ளுகிறது. விலை ஒரு நல்ல காரின் விலை. அது வாரண்டி காலத்துக்குள் மக்கர் பண்ணினால் என்ன செய்யவேணும் என்பதுதான் இன்றைய கதை.

என் நிலைப்பாட்டை முதலே சொல்லிவிடுகிறேன். வாரண்டி இருக்கும்போது பழுதைத் திருத்துவது டீலரின் வேலை. பழுது என்ன என்று அறிவது உங்கட வேலை. இந்த இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புகிறதால்தான் எங்கட வீடுகளில் இவ்வளவு சண்டை.

சண்டை எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் அப்பா, மாமா, பெரியப்பா. வன்னியில் லாண்ட்மாஸ்டரைப் பூட்டிக் கழற்றி வளர்ந்த கைகள். 90களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பெற்றோல் கிடையாது. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடின இடம் அது. அந்த ஆட்களிடம் "தொடாதேங்கோ" என்று சொன்னால் எப்படிக் கேட்பினம்? மறுபக்கம் நாங்கள். "வாரண்டி போயிடும், சும்மா விடுங்கோ, டீலர் பார்ப்பான்" என்கிறோம். மாமா ஸ்பானரைத் தூக்குகிறார், நாங்கள் ஃபோனைத் தூக்குகிறோம். இரண்டுமே அரைவாசிதான் சரி.

என் மாமாவின் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 24 குதிரைவலு டீசல் ட்ராக்டர், மணி மீட்டரில் 60 மணித்தியாலம் கூடத் தாண்டவில்லை. ரொட்டவேற்றரைப் போட்டு உழுதால் இருபது நிமிடத்தில் எஞ்சின் சோர்ந்து நின்றுவிடும். அரை மணித்தியாலம் விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். டீலரிடம் ஏற்றிக்கொண்டு போனார்கள். அங்கே முற்றத்தில் பத்து நிமிடம் சுமையில்லாமல் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, "ஒரு பிழையும் இல்லை, உங்கட டீசல் சரியில்லைப் போல" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏற்றி இறக்கின செலவு மாமாவின் தலையில். நடவுக் காலத்தில் இரண்டு கிழமை போனது போனதுதான்.

இதில் "டீசல் சரியில்லை" என்பது சும்மா சொல்லப்பட்ட வார்த்தை இல்லை. பெரும்பாலான வாரண்டிப் பத்திரங்களில் அழுக்கு எரிபொருளால் வருகிற பழுதுக்குப் பாதுகாப்பு கிடையாது. ஃபில்டர், பெல்ட், கிளட்ச் தட்டு மாதிரித் தேய்கிற சாமான்களுக்கும் கிடையாது. ஆகவே பழுதின் பெயரை யார் முதலில் வைக்கிறாரோ, அவர்தான் பில் யாருக்குப் போகும் என்பதையும் தீர்மானிக்கிறார். மாமா கவுண்டரில் நின்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் "எஞ்சின் களைச்சுப் போகுது" என்று சொன்னார். அது மிகச் சரியான விவரிப்பு. ஆனால் அங்கே யாரும் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

எஞ்சின் எப்படி நிற்கிறது என்பதே பாதிப் பதில். லைட் சுவிட்சை அணைத்த மாதிரி டக்கென்று நின்றால் மின்சாரப் பக்கம் பாருங்கோ. சீட்டுக்குக் கீழே ஒரு பாதுகாப்பு சுவிட்ச் இருக்கு. பின்பக்க பிடிஓ சுழலும்போது ஆள் சீட்டை விட்டு எழும்பினால் எஞ்சினை நிறுத்திவிடும். மேடு பள்ளத்தில் துள்ளும்போது அதுவே பொய்யாக வேலை செய்யலாம். டீசலை நிறுத்துகிற சொலனோயிட் சூடாகிப் பழுதாகினாலும் இப்படித்தான். மாறாக, மூச்சு வாங்கி, சுருதி இறங்கி, இழுத்து இழுத்து நின்றால் எரிபொருள் போதவில்லை. வெப்பமானி முள் ஏறியிருந்தால் ரேடியேட்டர் வலையில் புல்விதை அடைத்திருக்கிறதா என்று பார்க்கவேணும்.

மாமாவின் ட்ராக்டர் இழுத்து இழுத்துத்தான் நின்றது. முள் ஏறவில்லை. அப்படியென்றால் டாங்கில் இருந்து எஞ்சினுக்குப் போகிற வழியில் எங்கேயோ தடை. வழி நீளமில்லை: டாங்க், தண்ணீர் பிரிக்கிற கிண்ணம், ஃபில்டர், பம்ப், இன்ஜெக்டர். ஒவ்வொன்றாகக் கழிக்கலாம். கோட் எழுதுகிற ஆட்களுக்கு இது புதிதில்லை. பிழையைத் திரும்ப வரவைக்கவேணும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றவேணும், நடந்ததை எழுதிவைக்கவேணும். நீங்கள் வேலையில் டிபக் செய்கிறது இதைத்தான்.

நாங்கள் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தோம். முதல் தடவை, எஞ்சின் நின்ற உடனே டாங்க் மூடியைத் தளர்த்திக் காது கொடுத்தோம். மூடியில் இருக்கிற காற்றுத் துளை அடைத்திருந்தால் உள்ளே வெற்றிடம் உருவாகி, திறக்கும்போது 'உஸ்' என்று காற்று இழுக்கும். இழுக்கவில்லை. இரண்டாவது தடவை, சமதரையில் மூடியை முழுக்க இறுக்காமலே ஓட்டினோம். அதே இருபது நிமிடம், அதே முடிவு. காற்றுத் துளை குற்றவாளி இல்லை. மூன்றாவது தடவைக்கு முன், ஓனர் மனுவலில் சொல்லியிருக்கிற அன்றாடச் சோதனைப்படி கண்ணாடிக் கிண்ணத்தைப் பார்த்தோம். அடியில் தண்ணீர் இல்லை, கசடு இல்லை. அதே கேனில் இருந்த டீசல் பக்கத்து வளவு மெஷினில் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. மீதி இருந்தது டாங்கின் வாய். எதோ ஒன்று மிதந்து வந்து உறிஞ்சலில் ஒட்டுகிறது, எஞ்சின் நின்றதும் விலகிப் போகிறது என்று மாமா சொன்னார். கேட்க எனக்குச் சரியாகத்தான் பட்டது.

இந்த இடத்தில் மாமாவின் கை துருதுருத்தது. டாங்கைக் கழற்ற அவருக்குக் கால் மணித்தியாலம் போதும். கழற்றவில்லை. அதற்குப் பதிலாக ஒரு பக்கம் எழுதினோம்: மணி மீட்டர் எண், வெளி வெப்பநிலை, என்ன சுமை, எத்தனையாவது நிமிடம், எப்படி நின்றது, எதையெல்லாம் கழித்தோம். எஞ்சின் சோருகிற சத்தத்தோடு நாற்பது செக்கன் வீடியோ. பார்வை அவருடையது, ஆங்கிலம் என்னுடையது. டீலருக்கு ஈமெயிலில் அனுப்பிவிட்டு, "சுமையோடு முப்பது நிமிடம் ஓட்டிப் பாருங்கோ" என்று ஒரு வரியும் சேர்த்தோம்.

டாங்குக்குள் இருந்து ஒரு பிளாஸ்டிக் படலத் துண்டு வந்தது. தொழிற்சாலையில் பூட்டும்போது உள்ளே தங்கின பொதி உறை. வாரண்டியில் திருத்திக் கொடுத்தார்கள். மாமாவே டாங்கைக் கழற்றியிருந்தால் அந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று யாரிடம் நிரூபிப்பது?

டீலரைத் திட்டுகிறதுக்காக இதை எழுதவில்லை. வசந்த காலத்தில் அந்தக் கராஜ் வாசலில் வரிசை நிற்கும். திருத்துகிற நேரத்துக்குக் கம்பனி காசு கொடுக்கும். தேடுகிற நேரத்துக்கு அப்படிக் கொடுக்கிறது குறைவு. பழுது தன் முன்னால் வராவிட்டால் மெக்கானிக்கும் என்ன செய்வான்? நல்ல குறிப்பு ஒன்று அவனுக்கும் உதவிதான்.

ஆனால் இந்தப் பழைய முறை எல்லா ட்ராக்டருக்கும் சரிவராது. மாமாவுடையது ஏன் 24 குதிரைவலு தெரியுமா? அமெரிக்க மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் 19 கிலோவாட், அதாவது ஏறக்குறைய 25 குதிரைவலுவுக்கு மேலே இருக்கிற டீசல் எஞ்சின்களுக்கு 2013 முதல் மிகவும் இறுகின. அந்தக் கோட்டுக்கு மேலே போனால் புகைக்கரியைப் பிடிக்கிற ஃபில்டர், கணினி, சென்சர் எல்லாம் சேர்ந்து வரும். அதனால்தான் கோட்டுக்குச் சற்றுக் கீழே இத்தனை மொடல்கள். மேலே போன ட்ராக்டரில் காது மட்டும் போதாது. திரையில் ஒரு பிழை எண் வரும். அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கிற முழுத் தகவலையும் வாசிக்கவோ, கரியை எரித்துச் சுத்தம் செய்யவோ டீலரின் மென்பொருள் தேவைப்படலாம். அப்போது "அறிவது உங்கட வேலை" என்று நான் சொன்னதுக்கு அர்த்தம் இருக்காது. அறிய விட்டால்தானே?

எனவேதான் இது அரசியல். அமெரிக்காவில் 1975இல் வந்த மேக்னசன்-மொஸ் வாரண்டிச் சட்டம், "எங்கட பார்ட்ஸ்தான் போடவேணும், இல்லையென்றால் வாரண்டி இல்லை" என்று கம்பனிகள் கட்டாயப்படுத்துவதைப் பொதுவாகத் தடுக்கிறது. ஆனால் அது நுகர்வோர் பொருட்களுக்கு. வீட்டுத் தோட்டத்துக்கென்று செய்த மெஷின் உள்ளே வரும்; தொழிலாகச் செய்கிற கமத்துக்கான மெஷின் வெளியே. கொம்பெக்ட் ட்ராக்டர் அந்த வேலிக்கு மேலேயே உட்கார்ந்திருக்கு. கொலராடோ மாநிலம் 2023இல் விவசாய இயந்திரங்களுக்கென்றே ரிப்பேர் உரிமைச் சட்டம் போட்டது. 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் ஜோன் டியர் நிறுவனத்தின் மீது ரிப்பேர் கட்டுப்பாடுகள் தொடர்பாக வழக்குப் போட்டது. கனடாவில் 2024 நவம்பரில் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. பழுது அறியவும் திருத்தவும் டிஜிட்டல் பூட்டை உடைப்பது இப்போது குற்றமில்லை. நல்ல விஷயம். ஆனால் சாவியைத் தரவேணும் என்று அந்தச் சட்டம் எந்தக் கம்பனியையும் கட்டாயப்படுத்தவில்லை. நான் கேட்பது அந்தச் சாவியைத்தான்: காசு கொடுத்து வாங்கின மெஷின் தன்னைப் பற்றிச் சொல்கிறதை, வாங்கின ஆளும் வாசிக்க முடியவேணும். வாரண்டி காலத்திலும்தான்.

அது வருகிற வரைக்கும் எங்களால் செய்யக்கூடியது இருக்கு. அப்பாவோ மாமாவோ "சத்தம் சரியில்லை" என்று சொன்னால், "டீலரிடம் விடுங்கோ" என்று உடனே முடித்துவிடாதேங்கோ. என்ன சத்தம், எப்போது, எந்தச் சுமையில் என்று கேட்டு எழுதுங்கோ. மனுவலில் சொன்ன சோதனைகளை மட்டும் செய்யுங்கோ. பார்க்க முதல் எஞ்சினை நிறுத்தி, லோடரை நிலத்தில் இறக்கி, பார்க்கிங் பிரேக்கைப் போடுங்கோ. உயர் அழுத்தக் குழாயில் கசிவு தேடி விரலை வைக்கவே வேண்டாம். டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். சீல் உடைக்கவேணும் என்ற இடம் வந்ததும் நிறுத்துங்கோ. எழுதினதை ஈமெயிலில் அனுப்புங்கோ, ஃபோனில் சொல்லி விடாதேங்கோ. சர்வீஸ் பில்லையும் ஃபில்டர் வாங்கின ரசீதையும் ஒரு ஃபோல்டரில் போட்டுவையுங்கோ.

எங்கட பெற்றோரின் தலைமுறைக்கு மெஷினின் பாஷை தெரியும். எங்களுக்குக் கவுண்டரின் பாஷை தெரியும். இரண்டும் ஒரே பக்கத்தில் எழுதப்பட்டால், "பிழை ஒன்றும் இல்லை" என்று சொல்லி அனுப்புவது அவ்வளவு லேசில்லை.

உங்கட வீட்டிலும் இப்படி ஒரு வாரண்டிக் கதை இருந்தால் இந்த மடலுக்கே பதில் போடுங்கோ. பனி தள்ளுகிற மெஷினோ, கிரைண்டரோ, எதுவானாலும் சரி. அடுத்த எபிசோட்டில் வாசிக்கிறோம்.