தோல் காப்பதும் சிகிச்சையே

வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டால் உறவும் சுற்றமும் திரண்டு நிற்பது நம் ஊர் வழக்கம். பணம் புரட்டித் தருபவர்கள் உண்டு, துணைக்கு வருபவர்கள் உண்டு, நேர்ந்துகொள்பவர்களும் உண்டு. ஆனால் கதிர்வீச்சு தொடங்கிய மூன்றாவது வாரத்தில், ரவிக்கை உரசும் இடமெல்லாம் எரிகிறது என்று ஒரு பெண் சொன்னால், “கரண்ட் வெச்சா அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கம்மா” என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. அன்போடு சொல்லப்பட்டாலும் அந்தப் பதில் தவறானது. கதிர்பட்ட தோலைக் காப்பதும் சிகிச்சையில் அடங்கும். நோயாளி தனியாகச் சுமக்கக்கூடிய வேலையும் அல்ல அது.

உடலுக்குள் இருக்கும் கட்டியை அடைய, கதிர் தோலைக் கடந்துதான் போக வேண்டும். தோலின் அடி அடுக்கில் உள்ள செல்கள் ஓயாமல் பிரிந்து, ஏறத்தாழ நான்கு வாரங்களில் மேல்தோலைப் புதுப்பித்துவிடுகின்றன. இப்படி வேகமாகப் பிரியும் செல்களைத்தான் கதிர் அதிகம் தாக்கும். மேலே ஏற்கெனவே உள்ள தோல் உதிரும்வரை, முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியாது. பிறகு அரிப்பு, கருமை, வறட்சி என்று தொடங்கும். தோல் செதில் செதிலாக உதிரும். அக்குள், மார்பகத்தின் அடிப்பகுதி, கழுத்து மடிப்பு, தொடை இடுக்கு ஆகிய ஈரம் தங்கும் இடங்களில் தோல் உரிந்து நீர் கசியும் புண்ணாகவும் மாறலாம். கதிர்வீச்சு பெறுபவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஏதோ ஓர் அளவில் இதைச் சந்திக்கிறார்கள். உடல் பருமனும் புகைப் பழக்கமும் பாதிப்பைக் கூட்டும்.

புண் கடுமையானால் சில நாள் சிகிச்சையை நிறுத்தி வைக்க நேரிடும். வலி தாங்காமல் தாமே வராமல் நின்றுவிடுபவர்களும் உண்டு. அந்த இடைவெளியில் புற்றணுக்கள் மீண்டும் பெருகத் தொடங்கும். தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு வாரம் 5 நாள் வீதம் 6 அல்லது 7 வாரம் கதிர் கொடுக்கிறார்கள். இதில் ஒரு நாள் தள்ளிப்போனாலும் கட்டி கட்டுப்படும் வாய்ப்பு ஏறத்தாழ ஒரு சதவீதம் குறைகிறது என்று ஆய்வுகள் கணக்கிட்டுள்ளன. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு முழுக் கதிர்வீச்சையும் 8 வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்பது மருத்துவ விதி. ஆகவே தோல் புண்ணை அலட்சியப்படுத்துவது, உயிர் காக்க வந்த சிகிச்சையையே பலவீனப்படுத்துவதாகும்.

இதில் நமக்கென்று இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மருத்துவ நூல்கள் கதிர்ப்புண்ணின் முதல் அடையாளமாகச் சிவப்பைச் சொல்கின்றன. நம் மக்களின் மாநிறத்திலும் கருநிறத்திலும் அந்தச் சிவப்பு எளிதில் தெரியாது. அந்த இடம் மேலும் கறுக்கும், சூடாக இருக்கும், தொட்டால் வலிக்கும். சிவப்பை மட்டும் தேடும் கண் நம் நோயாளியின் புண்ணைத் தாமதமாகத்தான் கண்டுபிடிக்கும். எனவே பார்ப்பதோடு நில்லாமல், கதிர்பட்ட இடத்தைத் தொட்டும், கேட்டும் அறிவது ஒவ்வொரு மருத்துவருக்கும் செவிலியருக்கும் அன்றாடப் பழக்கமாக வேண்டும்.

செய்ய வேண்டியவற்றில் பல, செலவில்லாதவை. கதிர்வீச்சு முடியும்வரை குளிக்கவே கூடாது என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். இன்றும் பலர் அப்படியே நம்புகிறார்கள். வெதுவெதுப்பான நீரும் காரமில்லாத சோப்பும் கொண்டு மென்மையாகக் கழுவுவதால் தீங்கில்லை என்பதை 1990களிலிருந்தே ஆய்வுகள் காட்டி வருகின்றன. நம் வெயிலுக்கும் வியர்வைக்கும் குளிக்காமல் இருப்பதுதான் கெடுதல். கதிர் பட வேண்டிய இடத்தைக் காட்டத் தோலில் குறியிட்ட மைக்கோடுகளைத் தேய்த்து அழித்துவிடாமல், துண்டால் ஒற்றித் துடைத்தால் போதும். வாசனை சேர்க்காத ஈரப்பதக் கிரீமை மெல்லியதாகப் பூசலாம். பழைய பருத்திப் புடவை, தளர்ந்த சட்டை, காலர் இல்லாத ஜிப்பா போன்றவை உகந்தவை. கழுத்தில் கதிர் படுபவர்கள் சங்கிலியையும் கயிற்றையும் சிகிச்சை முடியும்வரை கழற்றி வைப்பது நல்லது. தாலியானாலும் பெரியவர்கள் முன்வந்து, “கழற்றி வைம்மா, ஒன்றும் ஆகாது” என்று சொன்னால் அந்தப் பெண்ணுக்குப் பாதி பாரம் இறங்கிவிடும். பிளேடால் சவரம், வெந்நீர் ஒத்தடம், நேரடி ஐஸ், பிளாஸ்திரி, தைலம் எதுவும் அந்த இடத்தில் வேண்டாம். நேர் வெயிலும் கூடாது.

நம் வீட்டு வைத்தியத்தையும் நேர்மையாகப் பேசிவிட வேண்டும். மஞ்சள், சந்தனம், வேப்பிலை, சோற்றுக் கற்றாழை ஆகியவற்றின் மீது நமக்குள்ள நம்பிக்கை தலைமுறைகளைக் கடந்தது. ஆனால் கதிரால் நைந்த தோல் சாதாரணத் தோல் அல்ல. அரைத்துப் பூசியதில் உள்ள கிருமியும் துகளும் அதற்குள் எளிதாகப் புகும். கற்றாழையைக் கவனமாகச் சோதித்த பல ஆய்வுகள் எதிர்பார்த்த பலனைக் காட்டவில்லை. பாட்டி சொன்னதைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. எதைப் பூசினாலும் மருத்துவரிடம் கேட்டுப் பூசுவோம் என்பதுதான் வேண்டுகோள். மருத்துவர்களும் அந்தக் கேள்வியை எரிச்சலின்றி எதிர்கொள்ள வேண்டும். திட்டு விழும் என்ற அச்சம் இருக்கும்வரை எதையும் மறைத்துத்தான் பூசுவார்கள்.

மருத்துவமனைகளின் பங்கு பெரியது. புற்றுநோய் ஆதரவு சிகிச்சைக்கான பன்னாட்டுச் சங்கம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சில ஸ்டீராய்டு கிரீம்களையும், மார்பகப் புற்றுநோய்க்குத் தோல்மேல் ஒட்டும் மெல்லிய படலங்களையும் தடுப்பு முறைகளாகப் பரிந்துரைக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்கு முன்பு 25 நாள் கொடுத்த கதிரை இப்போது பலருக்கு 15 நாளில் முடிக்கிறார்கள். தோல் பாதிப்பும் அதில் குறைவு. இந்த வழிகள் தமக்குப் பொருந்துமா என்று கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. கேட்பதற்கு முன்பே சொல்வது மருத்துவரின் கடமை. முதல் நாளே தமிழில் அச்சிட்ட ஒரு பக்கக் குறிப்பும், வாரம் ஒரு முறை செவிலியரின் தோல் பரிசோதனையும் எந்த மருத்துவமனைக்கும் எட்டாதவை அல்ல. மருந்துக் கடைக்காரர்களுக்கும் ஒரு சொல்: ஸ்டீராய்டு கிரீமைச் சீட்டில்லாமல் எடுத்து நீட்டாதீர்கள். கண்காணிப்போடு பயன்படுத்தும்போதுதான் அது மருந்து.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. கதிர்ப்புண் உச்சத்தைத் தொடுவது பெரும்பாலும் கடைசி நாள் கதிர் முடிந்த பிறகு, அடுத்த ஓரிரு வாரங்களில்தான். சிகிச்சை முடிந்தது என்ற நிம்மதியோடு சென்னையிலிருந்தோ காஞ்சிபுரம் காரப்பேட்டைப் புற்றுநோய் மருத்துவமனையிலிருந்தோ ஊர் திரும்பிய பின்தான் தோல் உரியத் தொடங்குகிறது. அப்போது அருகில் கேட்க ஆளில்லை. அடுத்த பரிசோதனைத் தேதியோ வாரக்கணக்கில் தள்ளி இருக்கும். இந்த இடைவெளியை அடைக்க நம்மிடம் அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. தமிழக அரசு 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பணியாளர்கள் வீடு தேடி வருகிறார்கள்; நோய்த்தணிப்புப் பராமரிப்பும் அதில் உண்டு. கதிர்வீச்சு முடித்து ஊர் திரும்புபவரின் விவரத்தை, அவருடைய ஒப்புதலோடு, மருத்துவமனை அந்தப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினால், அடுத்த நான்கு வாரத்துக்கு ஒரு செவிலியர் புண்ணைப் பார்த்து, கட்டு மாற்றி, காய்ச்சலோ சீழோ தெரிந்தால் உடனே மேல்சிகிச்சைக்கு அனுப்ப முடியும். கதிர்வீச்சுக்குக் கைகொடுக்கும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், கிரீம், கட்டு, படலம் ஆகிய சில்லறைச் செலவுகளையும் வெளிப்படையாகத் தன் வரம்புக்குள் கொண்டுவர வேண்டும்.

குடும்பமும் சமூகமும் செய்ய வேண்டியதை எந்தத் திட்டமும் செய்ய முடியாது. வெளியிலிருந்து கருவி மூலம் கதிர் பெற்றவரின் உடலில் கதிர்வீச்சு தங்குவதில்லை. அவர் குழந்தையைத் தூக்கலாம். பேரனை மடியில் வைக்கலாம். ஒரே தட்டில் சாப்பிடலாம். தனிப் பாயும் தனித் தம்ளரும் கொடுத்து ஒதுக்குவது அறியாமை. அந்தக் காயம் தோலில் படும் காயத்தைவிட ஆழமானது. முட்டையும் பருப்பும் பாலும் குறையாமல் கொடுப்பதும், அடுப்பு வெக்கையிலிருந்து சில வாரம் விலக்கி வைப்பதும், அவர் எதிரில் பீடி பற்ற வைக்காமல் இருப்பதும் வீட்டாரால் முடிந்தவை. முதலாளிகள் சில வாரத்துக்கு வெயிலில்லாத வேலை தரலாம்; கழுத்தை இறுக்கும் சீருடைக்கு விலக்கு அளிக்கலாம். நெரிசலான பேருந்தில் கழுத்தைத் துணியால் மூடி நிற்பவருக்கு இடம் கொடுக்க நமக்கு எந்த ஆணையும் தேவையில்லை.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியது, ஏழைக்கும் இந்தச் சிகிச்சை எட்ட வேண்டும் என்பதற்காகத்தான். பொதுமக்களின் நன்கொடையும் உழைப்பும் அந்தக் கனவைத் தாங்கின. அன்று சிகிச்சை கிடைப்பதே கேள்வியாக இருந்தது. இன்று கருவிகள் பெருகியிருக்கின்றன. தொடங்கிய சிகிச்சையை ஒருவர் வலி குறைந்து, இடையில் நிற்காமல் முடிக்க முடிகிறதா என்பதே நம் காலத்தின் கேள்வி. மருத்துவமனை ஒரு பக்கக் குறிப்பையும் வாராந்தரப் பரிசோதனையையும் தரட்டும்; அரசு வீடுவரை செவிலியரை அனுப்பட்டும்; குடும்பம் ‘பொறுத்துக்கொள்’ என்பதற்குப் பதில் ‘காட்டு, பார்க்கலாம்’ என்று சொல்லட்டும். இவற்றில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. அடுத்த வாரம் கதிர்வீச்சு தொடங்கப் போகிறவருக்கே இவை கிடைக்கும்படி நாம் செய்துவிட முடியும்.