புடைத்தல், கொழித்தல், அரித்தல்

ஒன்றோடு ஒன்று கலந்து கிடப்பதைப் பிரித்தெடுக்க நம் வீட்டுப் பெரியவர்கள் எத்தனை சொற்கள் வைத்திருந்தார்கள் என்று ஒரு நாள் தாளில் எழுதிப் பார்த்தேன். வானொலியில் வேலை செய்கிறவளுக்குச் சொல் சேர்ப்பது பாதி தொழில், பாதி கிறுக்கு. பொறுக்குதல், புடைத்தல், கொழித்தல், தூற்றுதல், சலித்தல், அரித்தல், வடித்தல், இறுத்தல், கடைதல். ஒன்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

இவற்றில் ஒன்று இருந்த இடத்தில் இன்னொன்றைப் போட முடியாது. முறத்தை மேலும் கீழும் தட்டி உமியைப் பறக்கவிட்டால் அது புடைத்தல். அதே முறத்தைப் பக்கவாட்டில் அசைத்துக் குருணையை ஓரமாக ஒதுக்கினால் கொழித்தல். கலங்கிய நீரைத் தெளியவிட்டு, அடியில் தங்கியது கலையாமல் மேலே உள்ளதை மட்டும் சாய்த்து ஊற்றினால் இறுத்தல். எது கனம், எது லேசு, எது பெரிசு, எது மிதக்கும் என்று பார்த்து, அந்த வித்தியாசத்துக்கு ஏற்ற கை அசைவுக்கு வைத்த பெயர்கள் இவை.

2003-இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறியபோது பள்ளியில் இருந்த தலைமுறை நான். எங்களுக்கு அது ‘ஃபில்ட்ரேஷன்’. முதல் படிவத்தில் படிக்கும் என் அக்கா மகளுக்கு ‘பெனுராசான்’. அவள் பாடப் புத்தகத்தை விரித்து வைத்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தபோது அம்மா எட்டிப் பார்த்தார். “இதுக்கா இத்தனை பக்கம்? தினம் செய்யறதுதானே!” என்றவர் அரிசி கழுவும்போது கல் அரிப்பதைச் சொல்ல, அவள் விடவில்லை. “பாட்டி, அரிசியும் தண்ணியில முங்குது, கல்லும் முங்குது. அப்புறம் எப்படிப் பிரியும்?”

அருமையான கேள்வி. இப்போது கடையில் வாங்கும் அரிசியில் கல்லைத் தேடினாலும் கிடைக்காது. அம்மா பூந்தொட்டியிலிருந்து நான்கு பொடிக்கற்களை எடுத்துக் கழுவி அரிசியில் போட்டார். இரண்டு பாத்திரம், நிறையத் தண்ணீர். ஒன்றைச் சுழற்றி அலசி, நீரோடு அரிசியைக் கொஞ்சம் கொஞ்சமாக மற்றதில் சரித்தார். கடைசியில் முதல் பாத்திரத்தில் எஞ்சியது ஒரு கை அரிசியும் நான்கு கற்களும்.

கணக்கு இதுதான். ஒரே அளவுள்ள கல்லையும் அரிசியையும் வெறும் கையில் எடுத்தால், கல்லின் கனம் அரிசியைப் போல் இரண்டு மடங்குகூட இருக்காது. தண்ணீருக்குள் போனால், தான் ஒதுக்கித்தள்ளிய நீரின் எடையளவு இரண்டுமே கனம் இழக்கின்றன. அரிசியிடம் அதன்பின் மிஞ்சுவது கொஞ்சம்தான். கல்லிடம் நிறைய மிஞ்சுகிறது. வித்தியாசம் ஏறக்குறைய மூன்றரை மடங்காகிவிடும். அதனால்தான் நீரின் ஓட்டத்துக்கு அரிசி இசைந்துகொடுக்கிறது, கல் அடியில் கிடக்கிறது.

இதே மூன்றரை மடங்கு நம் நாட்டில் இன்னோர் இடத்திலும் வேலை செய்திருக்கிறது. கிந்தா பள்ளத்தாக்கின் ஈய மண்ணும் மணலும்! தண்ணீருக்குள் அவற்றின் கன வித்தியாசமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆற்றில் முழங்கால் நீரில் குனிந்து நின்று, ‘டூலாங்’ என்ற மரத்தட்டைச் சுழற்றி ஈயம் அரித்தவர்களில் பெரும்பாலோர் சீனப் பெண்கள். தட்டின் ஓரத்தில் மணல் வழிந்தோட, நடுவில் கறுப்பாக ஈய மண் தங்கும். பத்து காஜாவுக்கும் தஞ்சோங் துவாலாங்குக்கும் இடையே நிற்கும் ஈயக் கப்பலைப் பார்த்திருப்பீர்கள். 1938-இல் கட்டி 1982 வரை ஓடிய 4,500 டன் பூதம் அது. தோண்டிய மண்ணைச் சலித்து, பிறகு நீரில் குலுக்கிக் கனமானதைக் கீழே தங்கவிட்டதுதான் அதன் வயிற்றுக்குள் நடந்த வேலை. பிள்ளைகளை அழைத்துப் போனால் கப்பலின் உயரத்தை மட்டும் காட்டாமல் இதையும் சொல்லுங்கள்.

வீட்டில் இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. ஆட்டுக்கறிக் குழம்பை ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாள் கொழுப்பு மேலே வெள்ளையாக உறைந்து நிற்கும். கரண்டியால் வழித்து எடுத்துவிடலாம். கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உள்ள வீட்டில் இந்தக் கொழுப்பை அப்படியே விட்டுவிடக் கூடாது.

நம் குழாய்த் தண்ணீரும் பெரும்பாலும் இந்தப் பழைய முறைகளில்தான் தெளிகிறது. ஆற்று நீரில் படிகாரம் போன்ற அலுமினிய உப்பைச் சேர்த்துத் தூசியைத் திரளவிட்டு, அடியில் தங்கவைத்து, மேல் நீரை மணல் வழியாக வடித்து, கடைசியில் குளோரின் சேர்க்கிறார்கள். தெளியவிட்டு இறுத்து வடிகட்டுவதைப் பெரிய அளவில் செய்கிறார்கள், அவ்வளவுதான். குளோரினை மட்டும் பாட்டிகள் அறிந்திருக்கவில்லை. அவர்கள் கொதிக்க வைத்தார்கள். தண்ணீர் தடைக்குப் பிறகு கலங்கலாக வரும் நீரைக் குடத்தில் தெளியவைத்தால் மண் போகும், கிருமி போகாது. கண்ணாடி போல் தெரிந்தாலும் ஒரு நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகே குடிக்கலாம்.

ஆனால் கரைந்துபோனதை என்ன செய்வது? தண்ணீரில் கரைந்த உப்பு சல்லடைக்கும் துணிக்கும் சிக்காது. நீரை ஆவியாக்கி உப்பையாவது மீட்கலாம். தொழிற்சாலைக் கழிவு கலந்தால் அந்த வழியும் இல்லை. 2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆற்று நீரில் ரசாயன வாடை அடித்தபோது, நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை மூட வேண்டியதாயிற்று. கிள்ளான் பள்ளத்தாக்கில் லட்சக்கணக்கான வீடுகளின் குழாய்கள் வறண்டன. அங்கே படிகாரமும் இருந்தது, மணலும் இருந்தது, குளோரினும் இருந்தது. வாளியோடு லாரிக்காக வரிசையில் நின்றவர்களுக்கு அந்த வாரம் நினைவிருக்கும்.