பழி மட்டும் பம்பின் மேல்

இராமநாதபுரம் கரையோரத்தில் பழைய டீசல் லாரி ஒன்று காலையில் கிளம்ப மறுத்தால் காரணத்தை யாரும் தேடுவதில்லை. மெக்கானிக் ஸ்பேனரை எடுக்கும் முன்பே தீர்ப்பு வந்துவிடும்: “டீசல் பம்பு போச்சுண்ணே, கழட்டிக் கடைக்கு அனுப்பணும்.” டிரைவர் தலையாட்டுகிறார், முதலாளி பணத்தை எண்ணுகிறார், பம்பு மதுரைக்கு பஸ் ஏறுகிறது. சில நாள் கழித்து வந்த பம்பை மாட்டியதும் வண்டி கிளம்பிவிடுகிறது. அப்புறம் யார் மறுத்துப் பேசுவது?

நான் மறுக்கிறேன். வண்டி கிளம்பியது உண்மைதான். ஆனால் பம்பு பழுதாக இருந்தது என்பதற்கு அது சாட்சி ஆகாது. பம்பைத் திருப்பி மாட்டும்போது வேறு என்னென்ன நடந்தது என்று பாருங்கள். நசுங்கிய செம்பு வாஷர்கள் போய்ப் புதியவை வந்தன. ஃபில்டர் மாறியது. தளர்ந்த ஓஸ் கிளிப் இறுகியது. ஹேண்ட் பிரைமரை அடித்து ஏர் எடுத்தார்கள். சும்மா நின்ற பேட்டரிக்கும் சார்ஜ் போட்டார்கள். இவற்றில் ஏதோ ஒன்றுதான் வண்டியைக் கிளப்பியது. பில் மட்டும் பம்பின் பேரில்.

இந்த நம்பிக்கை எல்லாருக்கும் வசதி என்பதையும் சொல்ல வேண்டும். முதலாளிக்குப் பராமரிக்காத குற்றம் இல்லை, மெக்கானிக்குக்குக் கூலி உண்டு, டிரைவருக்கு ஓய்வு.

பழைய டாடா, லேலண்ட் லாரிகளில் பெரும்பாலும் இருப்பது வரிசைப் பம்பு. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1927-ல் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கிய வகை; 1951-ல் பிறந்த பெங்களூர் மைகோ நிறுவனம் மூலம் நம் ஊர் லாரிகளுக்குள் வந்தது. உள்ளே ஓடும் பிளஞ்சருக்கும் பேரலுக்கும் நடுவே மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான் இடைவெளி. அதற்கு எண்ணெய் விடுவதும் டீசலே. சுத்தமான டீசல் கிடைக்கும்வரை அது லேசில் தேயாது. தேய்ந்தாலும் மெல்ல மெல்லத்தான் தேயும். நேற்று மாலை மீன் லோடோடு பாம்பன் பாலம் ஏறி இறங்கிய வண்டியின் ஆறு பிளஞ்சரும் ஒரே ராத்திரியில் தேய்ந்துவிட்டனவாம்!

ராத்திரியில் நடப்பது வேறு. டேங்கிலிருந்து, பெரிய பம்புக்கு டீசல் ஊட்டும் ஃபீட் பம்பு வரையுள்ள குழாயில் டீசலை யாரும் தள்ளுவதில்லை. ஃபீட் பம்பு உறிஞ்சுகிறது. அந்தப் பகுதியில் ஓஸ் வெடித்திருந்தால் டீசல் வெளியே சொட்ட வேண்டும் என்பதில்லை, காற்று உள்ளே போகும். வண்டி நின்றதும் குழாயில் இருந்த டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். காலையில் செல்ஃப் அடிக்கும்போது பம்புக்குள் இருப்பது காற்று. இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் திறக்க ஏறக்குறைய 200 பார் அழுத்தம் வேண்டும். காற்றோ அமுங்கி அமுங்கி விரியுமே தவிர நாசிலைத் திறக்காது. “ஓஸைத் தடவிப் பார்த்தேன், ஈரமே இல்ல, அப்ப பம்புதான்” என்கிறார்கள். ஈரமில்லை என்பதாலேயே அந்த ஓஸை விடுதலை செய்யக் கூடாது.

இன்னொன்று உப்பு. காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உலோகங்கள் எப்படி அரிபடுகின்றன என்று பார்க்க மண்டபத்தில் சோதனை நிலையம் வைத்தது சும்மா இல்லை. 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தை அரித்த அதே காற்றுதான் உங்கள் பேட்டரி டெர்மினலிலும் வீசுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்கால 61 நாளும், படகுகளோடு மீன் லாரிகள் பலவும் கரையில் நிற்கின்றன. தடை முடிந்த வாரத்தில் பம்புகள் கூட்டமாகச் சாவது இதனால்தான். (லாரி வகை இன்ஜின் பூட்டிய விசைப்படகுகளுக்கும் இதே தீர்ப்புதான்.) எர்த் ஒயரின் முனை பச்சை பூத்துக் கிடக்கும், செல்ஃப் சோம்பிச் சுற்றும். டீசல் இன்ஜினுக்குத் தீப்பொறி கிடையாது, அமுக்கிய காற்றின் சூடுதான் நெருப்பு. மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு சேராது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தைத் தேய்த்து இறுக்குங்கள். இன்ஜினை அணைக்க இழுக்கும் ஸ்டாப் கேபிளையும் பாருங்கள். துருப்பிடித்துப் பாதியில் நின்றால், பம்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் டீசல் விடாது. அந்தக் கேபிளில் நாலு சொட்டு எண்ணெய் விடாமல் பம்பையே இறக்குவது கொடுமை.

பம்பைக் கழற்றச் சொல்பவரிடம் ஒரு சோதனை கேளுங்கள். சுத்தமான கேனில் டீசல் ஊற்றி உயரத்தில் கட்டி, அதிலிருந்து புது ஓஸை நேராக ஃபீட் பம்புக்குக் கொடுத்து, ஏர் எடுத்து, செல்ஃப் அடித்துப் பார்க்கட்டும். வண்டி கிளம்பி ஒழுங்காக ஓடினால் பம்பு நல்ல பம்பு. கோளாறு டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவே இருக்கிறது. கிளம்பாவிட்டால் சைலன்ஸரைப் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது வெண்புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியவில்லை. புகையே இல்லை என்றால் டீசல் போகவில்லை. பம்பைச் சந்தேகிக்கும் முறை அப்போதுதான் வருகிறது.

பம்பு கெடவே கெடாது என்று சொல்லவில்லை. காலையில் ஒழுங்காகக் கிளம்பி, லோடு இறக்கிவிட்டுச் சூட்டோடு செல்ஃப் அடித்தால் கிளம்பாமல், ஆறியபின் கிளம்பும் வண்டியில் பிளஞ்சர் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். சூட்டில் நீர்த்த டீசல் அந்த இடுக்கு வழியே நழுவிவிடும். டீசலில் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டியவர்களுக்கு இது சீக்கிரமே வரும். அப்படிப்பட்ட பம்பைத் தாராளமாக அனுப்புங்கள். அது திரும்பி வருவதற்குள் டேங்கின் அடி நட்டைக் கழற்றித் தண்ணீரையும் துருவையும் வடித்துவிடுங்கள். பம்புக் கடைக்காரர் அந்த வேலையைச் செய்து தரமாட்டார்.