ஊர்ப் பெண்கள் செய்த சூரிய விளக்கு: பம்பாய் ஐ.ஐ.டி. காட்டிய வழி

சூரியனுக்கு யாரும் பில் கட்டுவதில்லை. காலையில் வருகிறான், மாலையில் போகிறான். அவன் தரும் வெயிலை மின்சாரமாக மாற்றும் வித்தையும் இன்று எல்லோருக்கும் தெரிந்ததுதான். அப்படியிருந்தும் வீட்டுக்கு வீடு சோலார் ஏன் வரவில்லை?

“விலை அதிகம்” என்பார் ஒருவர். “கெட்டுப் போனால் யாரைக் கூப்பிடுவது?” என்று கேட்பார் இன்னொருவர். “அதெல்லாம் நமக்குச் சரிப்படாது” என்று தலையை ஆட்டுவார் மூன்றாமவர். மூன்று பேச்சிலும் நியாயம் இருக்கிறது. விலை, ரிப்பேர், நம்பிக்கை ஆகிய மூன்றும் சரியானால்தான் புதிய பொருள் எதுவும் ஏழை வீட்டுக்குள் நுழையும்.

இந்த மூன்றுக்கும் சேர்த்து விடை தேடியது ஒரு கல்வி நிலையம். மும்பை பவாயில் 1958-ல் ஆரம்பிக்கப்பட்ட பம்பாய் ஐ.ஐ.டி.தான் அது. பெரிய பெரிய இயந்திரங்களைப் பற்றிப் பாடம் நடத்தும் இடம், ஒரு சின்ன விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு கிராமத்துக்குப் போன கதை இது. அதில் நமக்கும் பாடம் உண்டு.

சிம்னி விளக்கில் படிப்பு

2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கைப் பாருங்கள். இந்தியக் கிராமங்களில் 100 வீடுகளை எடுத்துக்கொண்டால், 55 வீடுகளில்தான் மின்சார விளக்கு எரிந்தது. 43 வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கு!

மண்ணெண்ணெய் விளக்கு புகையும். கண் எரியும். கவிழ்ந்தால் தீப்பிடிக்கும். எண்ணெய்க்குக் காசு வேண்டும். அந்த மங்கலான வெளிச்சத்தில் ஒரு பக்கம் அம்மா சமைப்பாள். மறுபக்கம் பிள்ளை பாடப் புத்தகத்தை விரித்து வைத்திருக்கும். எண்ணெய் தீர்ந்துவிடுமே என்று விளக்கை ஊதி அணைத்தால், படிப்பும் அதோடு முடிந்தது.

பெரிய மின்சாரத் திட்டம் வரும்வரை இந்தப் பிள்ளைகள் காத்திருக்க முடியுமா? வகுப்பு காத்திருக்காது, பரீட்சையும் காத்திருக்காது.

ஒரு வாட் விளக்கு

பம்பாய் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்தவர் சேதன் சிங் சோலங்கி. மத்தியப் பிரதேசத்துக் கிராமத்தில் பிறந்தவர். பெல்ஜியம் நாட்டில் சூரிய மின்சாரம் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெற்றவர். அவரும் அவருடைய குழுவினரும் 2014-ல் ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். பள்ளிப் பிள்ளைகள் 10 லட்சம் பேருக்குச் சோலார் விளக்கு தருவது என்பது திட்டம்.

விளக்கு சிறியதுதான். ஒரு எல்.இ.டி. பல்பு, ஒரு பாட்டரி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சோலார் தகடு. பகலில் தகட்டை வெயிலில் வைத்தால் பாட்டரியில் மின்சாரம் சேரும். இரவில் பிள்ளை படிக்கலாம். புகை இல்லை. எண்ணெய்ச் செலவும் இல்லை.

இதை இலவசமாகக் கொடுக்கவில்லை! ஒரு பிள்ளை 120 ரூபாய் கட்ட வேண்டும். விளக்கின் உண்மையான விலை இதைவிட அதிகம். மீதியைச் சர்க்காரும் தர்ம ஸ்தாபனங்களும் கம்பெனிகளும் ஏற்றுக்கொண்டன. ஏழையிடம் 120 ரூபாய் வாங்குவானேன் என்று கேட்கலாம். காசு கொடுத்து வாங்கிய பொருளை வீட்டில் பத்திரமாக வைப்பார்கள். கெட்டுப் போனால் ரிப்பேருக்குக் கொண்டுவருவார்கள். “சும்மா வந்ததுதானே” என்று மூலையில் போட்டுவிட மாட்டார்கள்.

தொழிற்சாலை எங்கே?

திட்டத்தின் உயிர்நாடி இனிமேல்தான் வருகிறது. விளக்குகளைப் பட்டணத்துத் தொழிற்சாலையில் செய்து லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். ஐ.ஐ.டி. அப்படிச் செய்யவில்லை. உதிரி பாகங்களை மட்டும் அனுப்பியது. விளக்கைச் சேர்த்துப் பூட்டும் வேலையை அந்தந்த வட்டாரத்து ஜனங்களுக்கே கற்றுக்கொடுத்தது. கற்றுக்கொண்டவர்களில் பெண்கள் ஏராளம்.

கம்பியை இணைப்பது, ஈயம் வைத்துப் பற்றவைப்பது, விளக்கு எரிகிறதா என்று சோதிப்பது, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்க் கொடுப்பது, பழுது வந்தால் பிரித்துச் சரிசெய்வது என எல்லா வேலைகளையும் உள்ளூர்க்காரர்களே செய்தார்கள். அதுவரை மின்சார வேலையைத் தொட்டே பார்க்காத பெண்கள், விளக்கைத் திறந்து கோளாறு எங்கே என்று சொல்லலானார்கள்.

இதில் லாபம் இரண்டு. முதலாவது கூலி. செய்த வேலைக்குக் காசு ஊரிலேயே தங்கியது. இரண்டாவது நம்பிக்கை. விளக்கு கெட்டால் முகம் தெரியாத கம்பெனிக்குக் கடிதம் எழுத வேண்டியதில்லை. பக்கத்து ஊர் அக்காவிடம் கொடுத்தால் போதும்.

மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், ராஜஸ்தான், ஒடிசா ஆகிய ராஜ்யங்களில் இந்த வேலை நடந்தது. பலனைப் பார்த்த மத்திய சர்க்கார், 2016 டிசம்பரில் 70 லட்சம் விளக்குகளுக்கு இன்னொரு திட்டம் போட்டது. உத்தரப் பிரதேசம், பீகார், அசாம், ஜார்க்கண்ட், ஒடிசா ஆகிய இடங்களில் பிள்ளைக்கு 100 ரூபாய் என்று விலை வைத்தார்கள்.

கம்பி வந்த பிறகு?

இதற்குள் காலம் மாறியது. 2017 செப்டம்பரில் ‘சௌபாக்யா’ திட்டம் வந்தது. 2019 மார்ச்சுக்குள் சுமார் 2 கோடி 60 லட்சம் வீடுகளுக்கு மின்சார இணைப்புக் கொடுத்தாகிவிட்டது என்று சர்க்கார் கணக்குச் சொன்னது. கம்பி வழியே மின்சாரம் வந்த வீட்டுக்குச் சின்ன விளக்கு எதற்கு? அப்படியானால் பேராசிரியரின் உழைப்பு வீணா?

இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. ஒரு வாட் விளக்கு ஒரு பிள்ளையின் புத்தகத்துக்கு வெளிச்சம் தரும். விசிறியை ஓட்டாது; மாவு அரைக்காது. அது ஒரு காலத்துக்கு ஏற்ற உதவிதான். விளக்குக்குத் தேவை குறைந்தால், அதைச் செய்த பெண்களின் கூலியும் குறையும் அல்லவா?

இதற்கு ஒரு விடை ராஜஸ்தானின் டூங்கர்பூர் ஜில்லாவில் கிடைத்தது. அங்கே விளக்குப் பூட்டக் கற்றுக்கொண்ட மலைவாழ் மக்கள் சமூகத்துப் பெண்கள், ஐ.ஐ.டி.யின் துணையோடு தங்களுக்கென்று ஒரு கம்பெனியே தொடங்கினார்கள். அதன் பெயர் ‘துர்கா’. பங்குதாரர்களும் அவர்களே, வேலை செய்பவர்களும் அவர்களே. விளக்கோடு நிற்காமல் சோலார் தகடு செய்யும் வேலைக்கும் போனார்கள். விளக்கின் வேலை முடிந்தாலும் கையில் ஏறிய தொழில் அவர்களிடம் தங்கியது. அந்தக் கல்வி நிலையம் ஊருக்குக் கொடுத்தவற்றில் பெரியது இதுதான்.

நம் மொட்டை மாடி

நம் வீட்டுக்கு வருவோம். 2024 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் ‘பிரதமரின் சூரிய வீடு’ திட்டத்தை அறிவித்தது. ஒரு கோடி வீடுகளின் கூரையில் சோலார் தகடு போடுவது குறி. ஒதுக்கிய தொகை 75,021 கோடி ரூபாய். ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டு கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம் என்று வகுத்தார்கள்.

ஒரு கிலோவாட் தகட்டுக்குச் சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும். நல்ல வெயில் நாளில் அது ஏறத்தாழ 4 யூனிட் மின்சாரம் தரும். மூன்று கிலோவாட் போட்டால் மாதம் 300 யூனிட்டுக்கு மேல் எதிர்பார்க்கலாம். வீட்டுக்குப் போக மிஞ்சியது மின்வாரியக் கம்பிக்குப் போகும். அந்தக் கணக்கைப் போடுவதற்கென்றே தனி மீட்டர் உண்டு.

ஆனால் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. பாட்டரி இல்லாமல், கம்பியோடு மட்டும் இணைத்த சோலார், தெருவில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும்! வெயில் கொளுத்தினாலும் விசிறி சுழலாது. இது கோளாறு அல்ல. கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேனின் உயிரைக் காக்க வைத்த ஏற்பாடு. கரண்ட் இல்லை என்று நம்பி அவர் கம்பியைத் தொடும்போது, நம் மாடியிலிருந்து மின்சாரம் பாயக் கூடாது அல்லவா? இதை முன்பே சொல்லாமல் விற்றால், முதல் மின்வெட்டிலேயே வாங்கியவர் “ஏமாந்தோம்” என்பார். அதைக் கேட்டு அந்தத் தெருவில் மற்றவர்களும் பின்வாங்குவார்கள்.

எல்லா வீட்டுக்கும் ஒரே கணக்கும் சரிப்படாது. தமிழ்நாட்டில் 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். குறைவாகச் செலவழிக்கும் சின்ன வீட்டுக்குச் சோலாரால் மிச்சமாவது கொஞ்சம்தான். 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்கோ கட்டணம் சட்டென்று ஏறுகிறது. அங்கே போட்ட பணம் சீக்கிரம் திரும்பும். உங்கள் வீடு எந்த வகை? இதை விற்க வருகிறவரிடம் கேட்டால் என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும்.

கல்லூரிகள் முன்வரலாம்

மானியம் கொடுக்கச் சர்க்கார் இருக்கிறது. தகடு விற்கக் கம்பெனி இருக்கிறது. நடுவில் நின்று, லாப நோக்கம் இல்லாமல், “உனக்கு இது ஏற்றது, இது ஏற்றதல்ல” என்று சொல்ல ஆள் வேண்டும். அந்த இடத்துக்குக் கல்லூரியைவிடப் பொருத்தமானவர் யார்?

தமிழ்நாட்டில் 400-க்கு மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. ஒவ்வொரு கல்லூரியும் தன்னைச் சுற்றியுள்ள பத்துத் தெருக்களை எடுத்துக்கொள்ளட்டும். மாணவர்கள் வீடு வீடாகப் போய் மின்சார பில்லைப் பார்த்துக் கணக்குப் போட்டுக் கொடுக்கட்டும். மாடியில் நிழல் விழுகிறதா என்று பார்க்கட்டும். உள்ளூர் எலக்ட்ரீஷியன்களுக்கும் மகளிர் சுய உதவிக் குழுவினருக்கும் தகடு பொருத்தவும் பழுது பார்க்கவும் கற்றுக்கொடுக்கட்டும். மாணவனுக்கு அதுவே நல்ல பாடம். ஊருக்கு அதுவே நல்ல உதவி.

பேராசிரியர் சோலங்கி பிற்பாடு, 2020 நவம்பரில், ஒரு சோலார் பஸ்ஸில் ஏறி நாடு சுற்றக் கிளம்பினார். ஊர் ஊராக அவர் சொன்னது மூன்றே விஷயங்கள். முதலில், தேவையில்லாத மின்சாரத்தைத் தவிர்க்க வேண்டும். அடுத்து, தேவையானதையும் அளவாகச் செலவழிக்க வேண்டும். மூன்றாவதாகத்தான், மீதியைச் சூரியனிடமிருந்து நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இந்த வரிசை நன்றாகப் புரியும். ஆகவே சோலார் வாங்க நினைப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். கடந்த ஓராண்டு மின்சார பில்களை எடுத்து வையுங்கள். பகலில் ஓடுவது எது, இரவில் ஓடுவது எது என்று குறித்துக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் இது வேலை செய்யுமா, பழுதானால் எத்தனை நாளில் யார் வருவார், அவர் எந்த ஊர்க்காரர் என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இருந்தால் பணத்தைக் கட்டுங்கள்.