கட்டடத்துக்கு நட்சத்திரம், குமாஸ்தாவுக்குச் சால்வை

மே மாதம். டெல்லியில் வெயில் 44 டிகிரி. கரோல்பாக் பஸ் நிறுத்தத்தில் நின்ற திருநெல்வேலி நண்பரின் கையில் டிபன் கேரியர், தோளில் கம்பளிச் சால்வை! “என்ன அண்ணாச்சி, இந்த வெயிலில் சால்வையா?” என்று கேட்டேன். “தம்பி, எங்க ஆபீசில் என் நாற்காலியில் அரைமணி நேரம் உட்கார்ந்து பாரு. அப்புறம் கேளு” என்றார்.

ஆபீஸ் பெயர் வேண்டாம். சுற்றிலும் கண்ணாடி போட்ட கட்டடம். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் கட்டடம் என்று வாசலில் நட்சத்திரப் பலகை. அண்ணாச்சி தலைக்கு நேர்மேலே குளிர்காற்று வரும் துவாரம். அதை அவர் பழைய காலண்டர் அட்டையால் மறைத்திருக்கிறார். அதே ஹாலின் மேற்குக் கோடியில், கண்ணாடியோரம் உட்காரும் இரண்டு பெண்கள் மத்தியானம் மூன்று மணிக்குக் கைக்குட்டையும் வியர்வையுமாக இருக்கிறார்கள். ஜன்னலைத் திறக்க முடியாது. பொய்க் கூரை போட்டபோது மின்விசிறிகளைக் கழற்றிவிட்டார்கள்.

அப்படியானால் நட்சத்திரம் எதற்குக் கொடுத்தது? மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு 2009-ல் ஆபீஸ் கட்டடங்களுக்கு நட்சத்திரத் திட்டம் கொண்டுவந்தது. ஒரு சதுர மீட்டருக்கு வருஷத்தில் எத்தனை யூனிட் செலவு என்பதே கணக்கு. பெரும்பகுதி குளிர்சாதனம் உள்ள கட்டடம் டெல்லி போன்ற ஊரில் 90 யூனிட்டுக்குக் கீழே செலவழித்தால் ஐந்து நட்சத்திரம் என்று அப்போது வகுத்தார்கள். நல்ல திட்டம்தான். மீட்டரைப் பார்த்துக் கணக்குக் கேட்க ஆள் இல்லாத காலத்தைவிட எவ்வளவோ மேல்.

ஆனால் கணக்கு தரைக்குத்தான், தலைக்கு இல்லை. ஒரே ஒரு அதிகாரி உட்காரும் பெரிய அறையும், நாற்பது குமாஸ்தாக்கள் நெருக்கியடித்து உட்காரும் ஹாலும் அதற்கு ஒன்றே. பாதி நாற்காலி காலியாக இருக்கும் கட்டடம் உத்தமன் ஆகிவிடும். உள்ளே இருப்பவன் நடுங்குகிறானா, வேர்க்கிறானா என்ற கேள்வியே அந்தக் கணக்கில் கிடையாது. (வாசலில் வெந்நீர்க் காற்றாக அனலைக் கக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் காவலாளியை எந்தக் கணக்கில் சேர்ப்பது?)

கேட்க முடியாத கேள்வியா இது? இல்லை. அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்தார் அகமதாபாத், பெங்களூர், சென்னை, டெல்லி, சிம்லா ஆகிய ஐந்து ஊர்களில் 16 கட்டடங்களுக்குப் போய், மூன்று பருவங்களிலும் ஆபீஸ் ஊழியர்களையே கேட்டார்கள். 6,330 பதில்கள் கிடைத்தன. நம்மவர்களுக்கு, பழைய விதிகள் சொன்ன அளவுக்குக் குளிர் தேவையே இல்லை என்று தெரிந்தது. ஜன்னல் திறந்து, மின்விசிறி ஓடும் கட்டடங்களில், வெளியே உள்ள வெயிலுக்குத் தக்கபடி, 28 டிகிரியிலும் சௌகரியமாகவே இருப்பதாகச் சொன்னார்கள். 2016-ல் தேசியக் கட்டட விதித் தொகுப்பிலும் இது இடம் பெற்றது.

குளிர்சாதனத்தை ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம். ஆக, அண்ணாச்சி நடுங்குவது தேசத்துக்கும் நஷ்டம்! இதே டெல்லியில் 2014-ல் திறந்த இந்திரா பர்யாவரண் பவனில் கூரைமேல் 930 கிலோவாட் சூரிய மின்சாரம் வைத்தார்கள். உள்ளே 26 டிகிரிதான் என்று திட்டமிட்டே கட்டினார்கள். சிக்கனத்துக்கும் சௌகரியத்துக்கும் பகை இல்லை.

நான் வேலை பார்க்கும் ரயில்வே செக்‌ஷன் பழைய கட்டடம். உயர்ந்த கூரை, நீளத் தண்டு விசிறி. மே மாத மத்தியானத்தில் அது சொர்க்கம் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் விசிறியின் ஸ்விட்ச் எங்கள் கைக்கு எட்டுகிறது. அண்ணாச்சிக்கு அது கூட இல்லை. குளிர் எந்திரத்தின் சாவி நான்கு மாடிக்குக் கீழே யாரிடமோ இருக்கிறது.

நட்சத்திரம் தருகிறவர்கள் மீட்டரைக் குறிக்க வரும்போது, கோடை, மழை, குளிர் மூன்று பருவத்திலும் ஹாலில் இருப்பவர்களைக் கேட்டு எழுதட்டும். எத்தனை பேர் திருப்தி என்பதை அதே வாசல் பலகையில் போடட்டும். கழற்றிய விசிறிகளைத் திரும்ப மாட்டட்டும். புதுவகை விசிறிக்கு 30 வாட் அளவே போதும். பழையதற்கு 75 வாட்.

சால்வையை ஆபீஸ் மேஜை டிராயரிலேயே வைத்துவிட்டு வரலாமே என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். அதில் பக்கத்து சீட் அம்மாளின் ஸ்வெட்டர் இருக்கிறதாம்.